மூன்று வருடமாக கெஜட்டும் கையுமாக: ஒரு விதி நாடாளுமன்றம் போன வழியைத் தேடிய அனுபவம்

சேலத்தில் சேகோ ஆலைகளுக்கு லைசென்ஸ், ரிட்டர்ன் வேலை பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. மூன்று வருடத்துக்கு முன்னால் ஆத்தூர் பக்கத்து ஆலைக்காரர் ஒருவர், ஜவ்வரிசியை எரித்தால் மிஞ்சும் சாம்பலின் அளவு போட்ட லேப் ரிப்போர்ட்டை நீட்டிக் கேட்டார்: "ஏனுங்க தம்பி, ஜவ்வரிசில சாம்பல் 0.4 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுங்கறாங்களே, இதுக்கு எந்த எம்.பி.ங்க ஓட்டுப் போட்டாரு?" பார்த்துச் சொல்றேங்கண்ணா என்று வந்துவிட்டேன். அன்றைக்குப் பிடித்த வேலை இன்னும் விடவில்லை.

யாரும் ஓட்டுப் போடவில்லை என்பதுதான் பதில். 2006ஆம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டத்தைத் தலைகீழாகப் புரட்டினாலும் அந்த 0.4 கிடைக்காது. சட்டத்தின் 92ஆவது பிரிவு, தரம் பற்றிய ஒழுங்குமுறைகளை எழுதும் வேலையை உணவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் ஒப்படைத்துவிட்டது. ஆணையம் எழுதியது 2011 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது. அடுத்த பிரிவான 93, எழுதியதை நாடாளுமன்றத்தின் இரு அவைகளின் மேசையிலும் வைக்கச் சொல்கிறது. கூட்டம் நடக்கும் காலத்தில் மொத்தம் 30 நாள், ஒரு தொடரில் முடியாவிட்டால் அடுத்ததையும் சேர்த்து. இரண்டு அவையும் ஒத்துப்போனால் திருத்தலாம், தூக்கியும் எறியலாம். ஆனால் அதுவரை நடந்தது நடந்ததுதான். அமலுக்கு வந்த விதி மேசைக்காகக் காத்திருப்பதில்லை.

சரி, இதையெல்லாம் தேடிப் பிடிப்பது எப்படி? முதல் ஒரு வருடம் நான் செய்தது சுத்த முட்டாள்தனம். மத்திய கெஜட்டில் விதி என்றால் இரண்டாம் பாகம், மூன்றாம் பிரிவு, ஜி.எஸ்.ஆர். என்கிற பொது விதிகளின் வரிசை நம்பர் என்று ஒரு சீனியர் சொல்லிக் கொடுத்திருந்தார். அமைச்சகங்கள் போடும் விதிக்கு அது சரி. சட்டப்படி அமைந்த ஆணையங்களின் ஒழுங்குமுறைகளோ மூன்றாம் பாகம், நான்காம் பிரிவில் வரும். அங்கே ஜி.எஸ்.ஆர். கிடையாது, கோப்பு எண்தான். இல்லாத இடத்தில் ஒரு வருடம் துழாவியிருக்கிறேன்.

அதே வருடம் இன்னொரு அடி. ஒரு தனியார் தளத்தில் திருத்தங்கள் எல்லாம் சேர்த்த பிரதி என்று போட்டிருந்ததை நம்பி, ஒரு ஆலைக்குப் பாக்கெட் லேபிள் வாசகம் எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு திருத்தம் விடுபட்டிருந்தது. பை மறுபடி அச்சடித்த செலவில் பாதி என் தலையில். அப்புறம் மூல கெஜட்டைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. 2015 அக்டோபரிலிருந்து மத்திய கெஜட் காகிதத்தில் அச்சாவதே இல்லை, இணையத்தில் வருவதுதான் மூலம்.

மேசையில் வைத்த தேதியைப் பிடிக்க அவை நடவடிக்கைக் குறிப்பைப் பார்க்க வேண்டும். மக்களவையில் கேள்வி நேரம் முடிந்து 12 மணிக்கு, மாநிலங்களவையில் 11 மணிக்குத் தொடங்கியவுடன். அமைச்சர் எழுந்து இன்ன ஏட்டை வைக்கிறேன் என்பார், சில நிமிடத்தில் முடிந்துவிடும். அந்தப் பதிவில் கெஜட் எண், தேதி, எந்தப் பிரிவின் கீழ் என்பதெல்லாம் இருக்கும். வைக்கத் தாமதமானால் சில சமயம் காரண அறிக்கையும் கூடவே வரும். நான் முதலில் தேடுவது அதைத்தான்.

இதை ஆலைக்காரரிடம் சொன்னபோது அடுத்த கேள்வி வந்தது: "மேசைல வெச்சா யாராச்சும் எடுத்துப் படிப்பாங்களாங்க?"

படிப்பதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. சட்டம் கொடுத்த அதிகாரத்தில் மற்றவர்கள் எழுதும் விதி, ஒழுங்குமுறைகளுக்குச் சார்நிலைச் சட்டம் என்று பெயர்; அதைப் பார்க்கும் மக்களவையின் சார்நிலைச் சட்டக் குழு 1953இலிருந்து இயங்குகிறது. 15 உறுப்பினர்கள், அமைச்சர்களுக்கு இடமில்லை. மாநிலங்களவைக்கும் தனிக்குழு 1964இலிருந்து உண்டு. மூன்று வருடத் தேடலில் எனக்கு நிஜமாகப் பிரயோஜனப்பட்டது இவற்றின் அறிக்கைகள்தான். விதியின் வாசகம், குழுவின் ஆட்சேபணை, அமைச்சகத்தின் பதில், பரிந்துரை என்று வரிசையாகப் போகும். அதிகாரம் கொடுத்த சட்டத்தை விதி மீறுகிறதா, பின்தேதியிட்டு அமலாகிறதா, கோர்ட்டுக்குப் போகும் வழியை அடைக்கிறதா என்று பார்ப்பார்கள். சின்னச் சின்னச் சொல்லையும் விடுவதில்லை. விதியைத் தளர்த்தலாம் என்றால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்று எழுத வைப்பார்கள். பரிந்துரையை ஏற்றாக வேண்டும் என்று கட்டாயமில்லை; ஏற்றார்களா என்பதைப் பின்னால் வரும் நடவடிக்கை அறிக்கையில் பார்க்கலாம். அதைப் படிக்காமல் முதல் அறிக்கையோடு நிறுத்தினால் பாதிக் கதைதான்.

சட்டம் அமலாகி ஆறு மாதத்துக்குள் விதி எழுத வேண்டும், முடியாவிட்டால் குழுவிடம் அவகாசம் கேட்க வேண்டும். 2019 டிசம்பரில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு இப்படி அவகாசம் கேட்டுக் கேட்டே, விதிகள் 2024 மார்ச் 11இல்தான் வந்தன.

குறை என்று சொன்னால், கெஜட் ஒரு பக்கம், அவைக் குறிப்பு ஒரு பக்கம், குழு அறிக்கை ஒரு பக்கம். மூன்றையும் நூல் பிடிப்பது நம் வேலை. பழைய ஸ்கேன் பக்கங்களில் சொல் தேடல் எடுபடாது, கண்ணால்தான் மேய வேண்டும். இதற்காக ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன்: கெஜட் எண், வெளியான தேதி, இரு அவைகளிலும் வைத்த தேதி, அறிக்கை எண். ஏற்காட்டில் மாமா வீட்டுக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் அறிக்கைகளை முன்னாடியே போனில் இறக்கிக்கொண்டு போவேன். பத்தாவது கொண்டை ஊசி தாண்டினால் என் சிம்முக்கு சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும்.