பயிற்சி நேரத்தில் எதைக் குடிப்பது? எலுமிச்சை, அக்கானி (பதநீர்), இளநீர், மோர்: பல்லின் பக்கமிருந்து ஓர் ஒப்பீடு

2012 லண்டன் ஒலிம்பிக்கின்போது 302 விளையாட்டு வீரர்களின் வாயைப் பல் மருத்துவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். அவர்களில் 55 விழுக்காட்டினருக்குச் சொத்தைப் பல்லும் 45 விழுக்காட்டினருக்குப் பல் அரிப்பும் (அமிலத்தால் பல் கரைந்து தேய்வது) இருந்தன. வாய்க் கோளாறு தங்கள் பயிற்சியையோ ஆட்டத்தையோ பாதித்ததாக 18 விழுக்காட்டினர் கூறினர். உடலைப் பேணுவதையே தொழிலாகக் கொண்டவர்களின் நிலை இது என்றால், தூத்தூர் கடற்கரையில் மாலைதோறும் பந்து விளையாடும் இளைஞர்களும் நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கில் ஓடிப் பழகும் பிள்ளைகளும் கையில் வைத்திருக்கும் புட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை நாம் கவனித்தே ஆக வேண்டும்.

ஓடும்போது வாயால் மூச்சு விடுகிறோம். வியர்வையில் நீர் வற்ற வற்ற உமிழ்நீரும் குறைகிறது. அமிலத்தைத் தணிப்பதும், கரைந்த சுண்ணாம்புச் சத்தைப் பல்லுக்குத் திருப்பித் தருவதும் உமிழ்நீரின் வேலை. அது குறைந்திருக்கும் நேரத்தில் நாம் குடிப்பது வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பல்லைத் தாக்கும். அமிலத்தை அளக்கும் எண் பி.எச்.; அது குறையக் குறைய அமிலம் கூடுதல். வாயின் பி.எச். அளவு ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் கடினமான மேலுறையான எனாமல் கரையத் தொடங்குகிறது.

கடையில் விற்கும் விளையாட்டுப் பானங்களின் பி.எச். பெரும்பாலும் 3-க்கும் 4-க்கும் இடைப்பட்டது; நூறு மில்லியில் சுமார் 6 கிராம் சர்க்கரையும் உண்டு. அமிலம் எனாமலை நேரே கரைக்க, சர்க்கரையைத் தின்னும் கிருமிகள் மேலும் அமிலம் சுரக்கின்றன. இதைத் தவிர்க்கச் சொல்லும் பெற்றோர் பலர், 'இயற்கையானது' என்ற நம்பிக்கையில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து உப்பும் சர்க்கரையும் போட்டுக் கொடுத்தனுப்புகிறார்கள். அன்பினால் செய்வதுதான், ஆனால் பல்லைப் பொறுத்தவரை இது கடைப் பானத்தைவிட நல்லதன்று. எலுமிச்சைச் சாற்றின் பி.எச். 2-ஐ ஒட்டியது, நீர் கலந்தாலும் அமிலம் பல்லைக் கரைக்கும் அளவிலேயே நிற்கிறது. அந்தப் புட்டியை இரண்டு மணி நேரம் மிடறு மிடறாக உறிஞ்சினால், பல் அவ்வளவு நேரமும் அமிலத்தில் ஊறுகிறது.

அக்கானியின் கதை வேறு. கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்குவதால் அதில் புளிப்பு ஏறுவதில்லை. எனவே அது எனாமலை நேரடியாக அரிப்பதில்லை. ஆனால் நூறு மில்லியில் 10 கிராம் அல்லது அதற்கும் மேற்பட்ட சர்க்கரை இருக்கிறது. இது கடைப் பானத்தின் சர்க்கரையை மிஞ்சும் அளவு. அரிப்பைத் தவிர்த்து, சொத்தைக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. பனையேறும் பருவத்தில் பயிற்சி முடிந்தபின் ஒரு தம்ளர் அக்கானியை ஒரே மூச்சில் குடிப்பதை நான் தடுக்க மாட்டேன்; புட்டியில் நிரப்பி ஆட்டத்தின் ஊடே சப்பிக்கொண்டிருப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

இளநீரில் சர்க்கரை இவற்றைவிடக் குறைவு. அமிலமும் எலுமிச்சையை நோக்கக் குறைவே. பொட்டாசியம் நிறைய இருந்தாலும், வியர்வையில் மிகுதியாக இழக்கும் சோடியம் அதில் போதாது. நம் ஊரின் ஈரப்பதம் மிகுந்த வெக்கையில் நீண்ட ஆட்டம் ஆடுபவர்கள் ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக்கொள்ளலாம்.

மோரைத்தான் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். புளிப்பைப் பார்த்தால் அதுவும் பல்லை அரிக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் அதில் கால்சியமும் பாஸ்பேட்டும் நிறைந்திருப்பதால் எனாமலிலிருந்து அவை கரைந்து வெளியேற இடமில்லாமல் போகிறது. உப்பிட்ட நீர்மோரில் சோடியமும் கிடைக்கிறது. ஓட்டத்தின் நடுவே சிலருக்கு வயிறு கனக்கலாம் என்பதே இதன் குறை. ஆகவே இடைவேளைக்கும் ஆட்டம் முடிந்த பிறகுக்கும் ஏற்றது.

ஒரு மணி நேரத்துக்குள் முடியும் பயிற்சிக்கு, காலையில் சரியாகச் சாப்பிட்டு வந்த பிள்ளைக்கு, வெறும் தண்ணீரே போதும் என்பது என் உறுதியான கருத்து. இனிப்புப் பானத்தின் உண்மையான தேவை அதைத் தாண்டி நீளும் கடும் ஆட்டங்களில்தான் எழுகிறது. இனிப்பு நீரை விழுங்காமல் வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பினால்கூட மூளைக்கு ஊக்கம் கிடைத்து ஓட்டம் சற்று மேம்படுவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. ஓட்டத்துக்கு உதவும் அந்தக் கொப்பளிப்பே பல் மருத்துவர்கள் கூடாதென்று சொல்வது. எனவே அதைப் போட்டி நாளுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, அடுத்த மிடறாகத் தண்ணீரைக் குடித்துவிடுவது நல்லது.

புளிப்பான எதையும் குடித்த உடனே பல் தேய்க்கக் கூடாது. அப்போது இளகியிருக்கும் எனாமலைத் தூரிகை உரசி எடுத்துவிடும். முதலில் தண்ணீரால் வாயைக் கொப்பளித்து, அரை மணி நேரமாவது கழிந்தபின் ஃப்ளோரைடு கலந்த பற்பசையால் தேய்க்கலாம்.