எல்லாம் ஒரே சாஃப்ட்வேரில்: கோத்தகிரி ஏஜென்சி ஒன்றின் அனுபவம்

கொட்டேஷன், வேலைப் பட்டியல், டைம்ஷீட் (யார் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவிட்டார் என்ற பதிவு), பில், வசூல் எல்லாம் ஒரே இடத்தில் என்று விற்கிறார்களே, அப்படி ஒரு சாஃப்ட்வேரை எங்கள் கோத்தகிரி ஆபீஸில் 2023 கடைசியிலிருந்து ஓட்டுகிறோம். நாங்கள் ஆறு பேர், ரிசார்ட், ஹோம்ஸ்டே, தேயிலைக் கம்பெனிகளுக்கு வெப்சைட்டும் விளம்பரமும் செய்து கொடுக்கிறோம். எடுக்கும் முன் இதே வகை சாஃப்ட்வேர்களான ஜோஹோ ஒன், ஓடூ இரண்டையும் பார்த்தோம். ஓடூவின் இலவச கம்யூனிட்டி பதிப்பைச் சொந்த சர்வரில் போட்டுப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, ஜோஹோ ஒன்னில் உள்ள ஆப்களில் பாதிக்கு மேல் எங்களுக்குத் தேவைப்படாது. கடைசியில் எடுத்தது வேறொரு வெளிநாட்டுக் கம்பெனியுடையது.

எத்தனை வசதி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து இதையெல்லாம் வாங்காதீர்கள். ஒரு பக்கம் போட்ட தகவல் அடுத்த பக்கத்துக்குத் தானாகப் போகிறதா, போகும்போது ஏதாவது விட்டுப்போகிறதா என்று பாருங்கள். நாம் காசு கொடுப்பது அந்த இணைப்புக்குத்தான், தனித்தனியாகச் செய்ய எக்செலும் வாட்ஸ்அப்பும் போதும்.

இணைப்பு நன்றாக இருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு 2024 மே மாதம் உதாரணம். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம் என்று வந்தது. சீசன் உச்சத்தில் எல்லா கிளையன்ட்டுக்கும் ஒரே நேரத்தில் வெப்சைட்டில் அறிவிப்பு, புக்கிங் மெயிலில் இ-பாஸ் லிங்க், விளம்பரத்தில் ஒரு வரி என்று மாற்ற வேண்டியிருந்தது. ஒரு டாஸ்க்கை எழுதி எல்லா கிளையன்ட் கணக்கிலும் நகல் போட்டுவிட்டோம், யாருக்கு முடிந்தது, யாருக்குப் பாக்கி என்று ஒரே திரையில் தெரிந்தது. அந்த வேலைக்குப் போன நேரம் டைம்ஷீட் வழியாக நேரே மாத பில்லில் போய் உட்கார்ந்தது. முன்பெல்லாம் இந்த மாதிரி அவசர வேலைக்குக் காசு கேட்கவே மறந்துவிடும். டைம்ஷீட் எழுத டீமில் யாருக்கும் பிடிக்காது, உண்மைதான், ஆனால் "சின்ன மாற்றம்தாங்க" என்று தினமும் ரேட் கார்டு (அறை வாடகைப் பட்டியல்) மாற்றச் சொல்லும் கிளையன்ட்டிடம் மாதக் கட்டணத்தை உயர்த்திக் கேட்க அந்த ஒரு அறிக்கைதான் கைகொடுத்தது.

இனி உறுத்தும் விஷயம், டிடிஎஸ், அதாவது பணம் தருபவர் நம் வருமான வரிக்காக ஒரு பங்கைப் பிடித்து அரசுக்குக் கட்டுவது. குன்னூரில் ஒரு ரிசார்ட் கம்பெனிக்கு 80,000 ரூபாய் பில், 18 சதவீதம் ஜிஎஸ்டி 14,400 சேர்த்து 94,400. அவர்கள் 80,000-க்கு 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக்கொண்டு 86,400 அனுப்பினார்கள், அதுதான் முறை. சாஃப்ட்வேருக்கு அது தெரியாது. 8,000 பாக்கி என்று வைத்துக்கொண்டு வாராவாரம் அவர்களுக்கு நினைவூட்டல் மெயில் அடித்திருக்கிறது. அவர்கள் அக்கவுன்டன்ட் போன் செய்து, "ஏங்க, பிடிச்சதைக் கட்டியாச்சு, உங்க வருமான வரிப் பதிவுல, அந்த 26ஏஎஸ்-லயே இருக்கும், அப்புறம் எதுக்கு மெயில் வந்துட்டே இருக்கு?" என்று கேட்டார். நல்ல கிளையன்ட், கோபம் நியாயமானது. இப்போது பணம் வரும் வழிகளில் 'டிடிஎஸ் வரவு' என்று ஒன்றைச் சேர்த்து, பிடித்த தொகையை அதில் வரவு வைத்து பில்லை மூடுகிறோம். வேலை நடக்கிறது, ஆனால் ஒவ்வொரு பில்லுக்கும் கையால் செய்ய வேண்டும். தமிழ்நாட்டு கிளையன்ட்டுக்கு சிஜிஎஸ்டி (மத்திய அரசு பங்கு), எஸ்ஜிஎஸ்டி (மாநிலப் பங்கு) 9, 9 சதவீதம் என்றும் வெளிமாநிலமான பெங்களூரு கிளையன்ட்டுக்கு ஐஜிஎஸ்டி 18 சதவீதம் என்றும் பிரிப்பதும் இதே கதை, வரியை நாம்தான் தேர்ந்தெடுத்துக் கொடுக்கணும். மாதம் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கைப் போட வேண்டிய இடத்தில் இது சும்மா விட்டுவிடக்கூடிய குறை இல்லை. டெமோ காட்டுகிறவரிடம் வண்ணப் பலகை, டாஷ்போர்டு எல்லாம் அப்புறம், முதலில் டிடிஎஸ் பிடித்து வந்த ஒரு பணத்தை வரவு வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

மொபைல் ஆப் மலைக்கு ஆகவில்லை. கோடநாடு பக்கம் ஷூட்டிங் போனால் சிக்னல் வரும், போகும். அந்த நேரத்தில் டாஸ்க்கில் எழுதும் குறிப்பு சேமிக்கப்படாமல் சுற்றிக்கொண்டே இருந்து காணாமல் போகிறது. போட்டோகிராபர் போன் நோட்ஸில் எழுதிவந்து ஆபீஸில் ஏற்றுகிறார். ட்ரயல் காலத்தில் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு ஒரு குறிப்பு எழுதிப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

விலை ஆளுக்கு இவ்வளவு, டாலரில். வெளிநாட்டிலிருந்து வாங்கும் சேவை என்பதால் ஜிஎஸ்டியை ரிவர்ஸ் சார்ஜில் (விற்பவருக்குப் பதில் வாங்குபவர் கட்டும் முறை) நாமே கட்டி, பிறகு அதை நம் வரியில் கழித்துக்கொள்ள கிரெடிட் எடுக்க வேண்டும். ஆண்டுச் சந்தா 15,000 ரூபாயைத் தாண்டினால் ரிசர்வ் வங்கி விதிப்படி கார்டில் தானாகப் போகாது, ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும். சீசன் நேரத்தில் புதுப்பிக்கும் தேதி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியே வரும் வழியையும் சோதித்தோம். கிளையன்ட் பட்டியலும் பில்களும் எக்செல் ஃபைலாக ஒழுங்காக இறங்குகின்றன. டாஸ்க்குக்குள் நடந்த பேச்சும் இணைத்த ஃபைல்களும் வரவில்லை, அதனால் கிளையன்ட் ஒப்புதல் கொடுத்த டிசைன்களைத் தனியாக டிரைவில் வைக்கிறோம்.

இந்த வருடமும் புதுப்பித்திருக்கிறோம், நான்கு பேருக்கு மட்டும். மற்ற இருவரும் கணக்கு பார்ப்பவர்கள், அவர்கள் ஆடிட்டருக்கு வசதியாக டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் இருக்கிறார்கள். மாதம் ஒருமுறை பில் ஃபைலை இறக்கி அதில் ஏற்றிக்கொள்கிறார்கள்.