பழைய அச்சுப் படம் பார்க்க ஒரு பத்து மடங்கு லூப்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

பினாங்கு ஜார்ஜ் டவுனில் பழைய சாமான் கடைகளுக்குப் போகும்போதெல்லாம் என் சட்டைப்பையில் நகைக்கடைக்காரர்கள் வைரம் பார்க்கும் பத்து மடங்கு லூப், அதாவது சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி, ஒன்று இருக்கும். மூன்று லென்ஸ் ஒட்டிய டிரிப்லெட் வகை, நூறு வெள்ளிக்குள் வாங்கியது. சாமி படமோ பழைய பினாங்குக் காட்சியோ, அந்தக் காலத்து அச்சா பின்னாளில் எடுத்த நகலா என்று கண்டுபிடிக்க முக்கால்வாசி வேலையை இது ஒன்றே செய்துவிடுகிறது.

எது வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். முப்பது மடங்கு, அறுபது மடங்கு என்று மலிவாக வரும் லென்ஸ்கள் இந்த வேலைக்கு ஒத்துவராது. அவற்றைப் படத்தோடு ஒட்டிப் பிடித்தால்தான் தெளிவாகத் தெரியும், ஆனால் நம் வீட்டுச் சாமி படங்கள் எல்லாம் கண்ணாடி போட்ட பிரேமுக்குள் இருப்பவை. பத்து மடங்கு லூப்பை ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் தள்ளிப் பிடிக்கலாம், அதனால் பெரும்பாலும் கண்ணாடிக்கு மேலிருந்தே பார்த்துவிடலாம், கடைக்காரரிடம் பிரேமைக் கழற்றச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, எதைப் பார்ப்பது? ரவிவர்மா லட்சுமியின் கன்னத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்துக் கல்லச்சு என்றால் லூப்பில் அந்தக் கன்னம் ரோஸ், வெளிர் பழுப்பு, சந்தன நிறம் என்று தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிந்து தெரியும். ஒரு புள்ளி பெரிது, ஒன்று சிறிது, சில இடத்தில் நெருக்கம், சில இடத்தில் விலகல். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல் வைத்து, அதில் ஒருவர் கையால் குத்திக் குத்திப் போட்ட புள்ளிகள் அவை. உதட்டோரத்தில் சிவப்பு கோட்டை விட்டு ஒரு மயிரிழை வெளியே வந்திருக்கும், கல் அந்த அளவு நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இதைப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் மேல் சிலிர்க்கும். போட்டோ எடுத்துத் தகட்டில் ஏற்றி அச்சடிக்கும் ஆஃப்செட் நகலிலோ கோலப்புள்ளி மாதிரி வரிசை பிசகாத புள்ளிகள் இருக்கும், நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு, அந்த நாலே நிறம்தான்.

கன்னத்தில் சந்தேகம் வந்தால் ஓரத்து எழுத்துக்கு வாருங்கள். அதுதான் நான் அதிகம் நம்பும் சோதனை. கல்லச்சில் அச்சகத்தின் பெயர் மை நிரம்பிய முழுக் கோடாக இருக்கும். பழைய படத்தைப் போட்டோ எடுத்து மறுபடி அச்சடித்ததில் பெரும்பாலும் அந்த எழுத்தே புள்ளிகளால் ஆகி, ஓரம் பிசிறடித்துத் தெரியும்.

ஆனால் பெயரை மட்டும் வைத்து வயது சொல்ல முடியாது. 1894ல் பம்பாயில் தொடங்கிய ரவிவர்மா அச்சகம் சில வருடங்களில் லோனாவ்லா பக்கம் மளவ்லிக்கு மாறியது, ரவிவர்மா 1906ல் இறந்த பிறகும் பல பத்தாண்டுகள் அங்கே அச்சு ஓடியது. ஒரு கடையில் "இது உங்க தாத்தா காலத்துக்கும் முந்தினது தம்பி, பேர் போட்டிருக்கு பாருங்க" என்று பெரிய விலை சொன்னார்கள். பெயர் இருந்தது, எழுத்து முழுக்கப் புள்ளி. அந்த விலையைக் கேட்ட ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஏனென்றால் பூஜையறைக்காக ஆசையாக வாங்க வருகிறவர்களிடம்தான் இப்படிச் சொல்கிறார்கள்.

அப்புறம், ஆஃப்செட் என்றாலே மட்டம் என்று நினைக்காதீர்கள். கோவில்பட்டி கொண்டையராஜு வரைந்து சிவகாசியில் அச்சான காலண்டர் படங்கள் அப்படித்தான் வந்தன, எனக்கு அவை உயிர்.

பினாங்குக் காட்சிகளில் பேர்போனவை கேப்டன் ராபர்ட் ஸ்மித் வரைந்து, வில்லியம் டேனியல் அக்குவாடிண்ட் முறையில் செதுக்கி 1821ல் வந்தவை. அது செப்புத் தகட்டு வேலை. லூப்பில் வானத்தைப் பார்த்தால் புள்ளி வரிசையே இருக்காது, வறண்ட குளத்து மண் வெடித்த மாதிரி நுண்ணிய வலைதான் இருக்கும், அதன்மேல் கையால் பூசிய வாட்டர்கலர். ஓரம் வெட்டாமல் இருந்தால் படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய பள்ளம் இருக்கும். லூப்பைவிட, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால்தான் அது நன்றாகத் தெரியும். சுற்றுலாக் கடைகளில் பிரேம் போட்டு மாட்டியிருக்கும் நகல்களில் இது எதுவும் வராது.

கூடவே 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் ஒன்றும் வைத்திருக்கிறேன். காகிதம் நீலவெள்ளையாகப் பளிச்சென்று மின்னினால், அது பெரும்பாலும் 1950க்குப் பிறகு வந்த வெளுப்பேற்றி கலந்த காகிதம். மின்னாவிட்டால் பழசு என்று ஆகிவிடாது, அது வேறு கதை. பழுப்புக் கறையையும் நம்பாதீர்கள், நம் ஊர் ஈரத்தில் புதுக் காகிதமே சீக்கிரம் கறை பிடித்துவிடும்.

அதே ஈரம் லென்ஸிலும் பூஞ்சை பிடிக்க வைக்கும். லூப்பை அதன் தோல் உறையிலேயே விட்டுவைக்காமல், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் போட்டு வைக்கிறேன், இன்றுவரை கண்ணாடி தெளிவாக இருக்கிறது. வாங்கிய படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் நீங்களே பிய்க்காதீர்கள், மை கண்ணாடியோடு வந்துவிடும். காகிதப் பராமரிப்பு தெரிந்தவரிடம் அப்படியே கொடுங்கள்.