ஞாயிற்றுக்கிழமை விருதுநகர் போக வேண்டிய வண்டி: நாலரை வருட டீசல் அனுபவம்

மனைவியின் தம்பி போன வாரம் சென்னையிலிருந்து கூப்பிட்டான். “மாமா, உங்க வண்டி மாதிரியே ஒண்ணு வந்திருக்கு. அதே 2021, அதே டீசல், கலர்கூட அதே வெள்ளை. டாக்டர் வண்டி, ஒரே ஓனர், பதினெட்டாயிரம்தான் ஓடியிருக்கு. கண்ணை மூடிக்கிட்டு வாங்கிரலாம்ல?”

கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வாங்கியவன் நான். நான் பட்ட பாட்டையே பத்து நிமிடப் பேச்சில் சொல்ல முடியவில்லை. “பதினெட்டாயிரமா? அப்ப வேணாம் மாப்ளை” என்றேன். அவனுக்குப் புரியவில்லை. குறைவாக ஓடியிருந்தால் நல்லதுதானே என்கிறான். பெட்ரோல் வண்டிக்கு நல்லது. பழைய டீசலுக்கும் நல்லதுதான். ஆனால் 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு விற்ற டீசலுக்கு அது ஜாதகத்தில் செவ்வாய் மாதிரி. மற்ற பொருத்தமெல்லாம் சரியாக இருக்கும், கடைசியில் அதில் வந்து நிற்கும்.

மைலேஜ், டிக்கி இடம், ஏசி குளிர்ச்சி எல்லாம் அவனே வீடியோ பார்த்துத் தெரிந்து வைத்திருக்கிறான். என்னைவிட நன்றாகவே தெரிந்திருக்கிறது. நான் சொல்ல வேண்டியது டேஷ்போர்டில் எரியும் ஒரு மஞ்சள் விளக்கைப் பற்றி மட்டும்தான்.

எங்கள் வீடு மதுரை கே.கே.நகரில். கடை கீழமாசி வீதியில். கோரிப்பாளையம் வழியாக ஏ.வி. பாலம் ஏறி சிம்மக்கல் இறங்கினால் ஐந்து கிலோமீட்டர் சொச்சம். காலையில் போவேன், ராத்திரி வருவேன், அவ்வளவுதான் ஓட்டம். இதற்கு எதற்கு டீசல் என்று கேட்டால், பழைய பழக்கம். டீசலுக்கும் பெட்ரோலுக்கும் இருபது ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்த காலத்தில் கணக்குப் போடக் கற்றுக்கொண்டவன் நான். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். இப்போது வித்தியாசம் எட்டு, ஒன்பது ரூபாய்தான். என் மூளை மட்டும் இன்னும் பழைய விலையிலேயே இருக்கிறது.

ஷோரூமில் அந்தப் பையன் எல்லாம் கேட்டான். லோன் எந்த பேங்க், பழைய வண்டி எக்ஸ்சேஞ்சா, ஃப்ளோர் மேட் எந்தக் கலர், சாமி கும்பிட எலுமிச்சம்பழம் நாங்களே வைக்கட்டுமா என்பது வரைக்கும். “தினமும் நிற்காமல் எவ்வளவு தூரம் ஓட்டுவீங்க?” என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானே பெட்ரோல் பக்கம் போயிருப்பேன். நாலரை வருடமாக எனக்கு இருக்கும் கோபத்தில் பாதி அந்தக் கேட்காத கேள்வி மேல்தான்.

விஷயம் இதுதான். பிஎஸ்6 டீசலில் புகைக்குழாயோடு டிபிஎஃப் என்று ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். தேன்கூடு மாதிரி பீங்கான் வடிகட்டி. ஒவ்வொரு துளையும் ஏதாவது ஒரு முனையில் அடைத்திருக்கும். அதனால் புகை பக்கத்துச் சுவர் வழியாகக் கசிந்துதான் வெளியே வர வேண்டும், கரி உள்ளேயே தங்கிவிடும். வேலை சுத்தமான வேலை, அதில் குறை சொல்ல முடியாது. என் வண்டி சைலன்சரில் விரலை விட்டுத் தேய்த்தாலும் கரி ஒட்டாது. எங்கள் அப்பா வைத்திருந்த டீசல் வண்டி ஸ்டார்ட் ஆனால் தெருவே இருமும்.

ஆனால் தங்கிய கரியை எரித்தாக வேண்டும். அதற்கு வடிகட்டி ஏறக்குறைய 600 டிகிரி சூடாக வேண்டும். நான்கு வழிச் சாலையில் ஓடினால் புகையே ஓரளவு சூடாக இருக்கும், வேலை சுலபம். ஊருக்குள் ஓடினால் கம்ப்யூட்டர் தானாகவே கொஞ்சம் டீசலை வேண்டுமென்றே பிந்திப் பீய்ச்சி, புகையைச் சூடேற்றி எரிக்கப் பார்க்கும். இதற்கு ரீஜென் என்று பெயர். கால் மணி, இருபது நிமிடம் பிடிக்கும். நடுவில் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டால் பாதியில் நின்றுபோகும். ஐந்து கிலோமீட்டரில் எஞ்சினே அப்போதுதான் சூடாகியிருக்கும். நான் வேறு கோரிப்பாளையம் சிக்னலில் எஞ்சினை அணைத்து வைத்து டீசல் மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வடிகட்டியில் கரி அடைத்தால் எரியும் அந்த மஞ்சள் விளக்கு முதலில் எரிந்தது 2022 நவம்பரில். சர்வீஸ் சென்டர் கொண்டுபோனேன். ஜாப் கார்டு போட்டார்கள், சீட்டுக்குக் கவர் போட்டார்கள், காபி கொடுத்தார்கள். வண்டியை நிறுத்தியபடியே ஸ்கேனரை மாட்டி, எஞ்சினை உறும விட்டு எரிப்பார்கள். அதற்கு ஃபோர்ஸ்டு ரீஜென் என்று பெயர். பில் 2,360 ரூபாய், கேட்காமலே வாட்டர் வாஷும் உண்டு. வாரண்டியில் வராதா என்று கேட்டால், “இது யூசேஜ் சார், டிஃபெக்ட் இல்ல” என்றார் சர்வீஸ் அட்வைசர். சரி என்று வந்துவிட்டேன். மூன்று மாதத்தில் மறுபடியும் விளக்கு. மறுபடியும் 2,360. “ரோட்ல ஓட்டுங்க சார்” என்று ஒரு உபதேசம். நான் என்ன வைகைக்குள்ளேயா ஓட்டுகிறேன்?

இரண்டாவது தடவை முடிந்து வந்த மறுநாள் காலை, வாசலில் சமமான இடத்தில் நிறுத்திப் பானெட்டைத் திறந்து ஆயில் கேஜ் கம்பியை இழுத்துப் பார்த்தேன். வேஸ்ட் துணியில் துடைத்து, திரும்ப உள்ளே விட்டு, மறுபடி இழுத்தேன். மேல் கோட்டையும் தாண்டி ஒரு விரற்கடை உயரத்துக்கு ஆயில் நின்றது. நான் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் பிசுபிசுப்பே இல்லை, தண்ணீர் மாதிரி வழுக்கியது. மூக்கருகே கொண்டுபோனால் டீசல் பங்க் வாசனை.

நேராக வண்டியை எடுத்துக்கொண்டு போய் அட்வைசரிடம் காட்டினேன். அவர் கம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஆயில் கூடியிருந்தா நல்லதுதானே சார்? குறைஞ்சாத்தான் பிரச்சனை.”

அன்று எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஆள் தப்பித்தது பெரிய விஷயம். பாதியில் நின்ற ஒவ்வொரு ரீஜெனிலும் எரியாத டீசல் பிஸ்டன் ஓரமாக வழிந்து கீழே ஆயிலில் கலக்கிறது. ஆயில் நீர்த்துப்போனால் டர்போவும் பேரிங்கும் தேயும். ரொம்ப ஏறினால் எஞ்சின் தன் ஆயிலையே குடித்துக் கட்டுக்கடங்காமல் ஓடும் ஆபத்தும் உண்டு. கூடியிருந்தால் நல்லது என்று சொல்ல அது என்ன பேங்க் பேலன்ஸா? அரை மணி நேரம் கத்திய பிறகுதான் ஆயில் மாற்றினார்கள். அதற்கும் நான்தான் பணம் கொடுத்தேன்.

மாலையில் ஃபீட்பேக் கேட்டு போன் வந்தது. பத்துக்கு மூன்று என்றேன். பத்து நிமிடத்தில் அட்வைசரே கூப்பிட்டு, “சார், பத்து போட்டிருக்கலாமே, எனக்கு இந்த மாச இன்சென்டிவ் போச்சு” என்றார். குரல் உண்மையிலேயே இறங்கியிருந்தது. பாவமாகத்தான் இருந்தது. மாதக் கடைசி வேறு.

மூன்றாவது தடவை போனபோது எஸ்டிமேட்டில் புது டிபிஎஃப் என்று எழுதி, ஒரு லட்சத்துக்கு மேல் போட்டிருந்தார்கள். நான் உட்கார்ந்தே விட்டேன். அப்போது உள்ளே ஸ்கேனர் மாட்டிக்கொண்டிருந்த பையன் ஒருவன் கண்ணாடிக் கதவைத் தட்டி என்னை வரச் சொன்னான். ஐடிஐ முடித்து இரண்டு வருடம்தான் இருக்கும். கஸ்டமர் உள்ளே வரக்கூடாது என்ற போர்டுக்கு அடியிலேயே நின்று திரையைக் காட்டினான்.

“கடைசியா முழுசா எரிஞ்சு 900 கிலோமீட்டர் ஆச்சு சார். நடுவுல ஏழு தடவை ஆரம்பிச்சு நின்னிருக்கு. ஃபில்டர் நல்லாத்தான் இருக்கு. வீட்ல நிறுத்தினப்புறமும் ஃபேன் சத்தமா ஓடுமா? ரப்பர் தீயுற மாதிரி வாசம் வருமா?”

வரும். அடிக்கடி வரும். என் மனைவி பல ராத்திரி சொல்லியிருக்கிறாள், “என்னங்க, ஏதோ கருகுது” என்று. பக்கத்துக் காலி மனையில் குப்பை எரிக்கிறார்கள் என்று சொல்லி, நான் கேட்டைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

அந்தப் பையன் சொன்னது இரண்டே விஷயம். வாசனையோ ஃபேன் சத்தமோ வந்தால், சும்மா நிற்கும்போது ஆர்பிஎம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஏறியிருந்தால், ரீஜென் நடக்கிறது என்று அர்த்தம், அணைக்காதீர்கள், இன்னொரு சுற்றுப் போய் வாருங்கள். வாரம் ஒரு தடவை அறுபதுக்குக் குறையாமல் அரை மணி நேரம் ஓட்டுங்கள். மேனுவலிலும் கிட்டத்தட்ட இதேதான் இருக்கிறது. நான் படித்ததில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று பில் போட்டவர்கள் யாரும் சொல்லாததை, பில்லில் பேரே வராத ஒருவன்தான் சொன்னான். அடுத்த முறை போனபோது அவன் வேலையை விட்டுப் போயிருந்தான்.

அன்றிலிருந்து ஞாயிறு சாயங்காலம் வண்டிக்கு நடைப்பயிற்சி. ரிங் ரோட்டைப் பிடித்து, கப்பலூர் டோல் தாண்டி, திருமங்கலம், கள்ளிக்குடி. ஐந்தாம் கியரில் எண்பதில் போட்டு விட்டால் கள்ளிக்குடி வருவதற்குள் எல்லாம் எரிந்து முடிந்திருக்கும். அங்கேயே திரும்பலாம். ஆனால் அவ்வளவு தூரம் போய்விட்டு விருதுநகர் எண்ணெய் பரோட்டா சாப்பிடாமல் யார் திரும்புவார்கள்? மொறுமொறுவென்று பொரித்த பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு சால்னா ஊற்றினால், ஊறுவதற்கு முன்னாலேயே இலை காலியாகிவிடும். ஆரம்பத்தில் மனைவி முணுமுணுத்தாள். இப்போது ஐந்து மணிக்கே கிளம்பி நிற்பது அவள்தான். காலேஜ் போகும் மகள் வாரத்தில் எங்களோடு பேசுவதே அந்தப் போக வர இரண்டு மணி நேரம்தான். போனை வைத்துவிட்டுப் பேசுகிறாள். இதையெல்லாம் கம்பெனி பிரோஷரில் போட்டிருக்க மாட்டார்கள்.

கணக்கு என்று பார்த்தால் சிரிப்பு வரும். டீசலில் மிச்சம் பிடிக்க வாங்கிய வண்டியை, டீசல் செலவழிப்பதற்காகவே வாரா வாரம் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறேன். டோலுக்கு 2025 ஆகஸ்ட் 15 முதல் வந்த 3,000 ரூபாய் வருடாந்திர பாஸ் எடுத்துவிட்டேன். 200 தடவை வரும், ஞாயிறுக்கு இரண்டு போனாலும் மிஞ்சும். பரோட்டாக் கணக்கை எழுதி வைப்பதில்லை.

விளக்கு எரிந்து இப்போது இரண்டரை வருடத்துக்கு மேல் ஆகிறது. கேஜ் கம்பியில் ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஆயில் மட்டும் சாம்பல் குறைவாக விடும் சி3 தரம்தானா என்று டப்பாவைக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகுதான் ஊற்ற விடுவேன். கரி எரியும், ஆயில் விடும் சாம்பல் எரியாது, வடிகட்டியிலேயே தங்கிவிடும். கத்திக் கத்தி இப்போது நான் உள்ளே நுழைந்தாலே டப்பாவை மேஜைமேல் வைத்துவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் அநியாயம். போன மே மாதம் ஐந்து பேரும் பெட்டிகளுமாகக் கொடைக்கானல் ஏறினோம். வத்தலக்குண்டு தாண்டி மலை ஆரம்பித்த பிறகு மூன்றாவது கியரிலிருந்து மாற்றவே தோன்றவில்லை. முன்னால் ஒரு பெட்ரோல் வண்டி ஒவ்வொரு வளைவிலும் இரண்டாவதுக்கு இறங்கி அலறிக்கொண்டிருந்தது. இது பாட்டுக்கு முனகாமல் ஏறியது. பெருமாள்மலையில் டீக்கு நிறுத்தி இறங்கும்போது பானெட்டைத் தட்டிக் கொடுத்தேன். மகள் சிரித்தாள். மறுவாரமே கடை வாசலில் நிறுத்தும்போது ஃபேன் ஓடும் சத்தம் கேட்டு, திரும்பவும் சிம்மக்கல்லைச் சுற்றிக்கொண்டு வரும்போது விற்றுத் தொலைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

எக்ஸ்சேஞ்ச் விலை கேட்கவும் செய்தேன். 2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி குறைந்து, இந்த அளவு புது வண்டிக்கு 31 சதவீத வரி 18 ஆனது. புதுசு விலை இறங்கினால் பழசும் இறங்கத்தானே செய்யும்? அவர்கள் சொன்ன விலைக்குப் பேசாமல் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். நீ பார்க்கிற டாக்டர் வண்டி மலிவாகக் கிடைப்பதும் பாதி இதனால்தான் மாப்ளை.

மீதிப் பாதி ஏன் என்று யோசி. நாலரை வருடத்தில் பதினெட்டாயிரம் என்றால் ஒரு நாளைக்குப் பதினொரு கிலோமீட்டர். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு. அவசரமாகக் கூப்பிட்டால் ஓடி, இறங்கின உடனே அணைத்திருப்பார். எத்தனை ரீஜென் பாதியில் நின்றதோ. சர்வீஸ் ரெக்கார்டு சுத்தமாக இருக்கும், சீட் புதுசாக இருக்கும், டயரில் முள் தேய்ந்திருக்காது. உன் கண்ணுக்கு அதெல்லாம்தான் தெரியும். உன் ஆபீஸும் வீட்டிலிருந்து எட்டு கிலோமீட்டர். சென்னையில் ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் நிற்காமல் ஓட்ட வேண்டுமென்றால் செங்கல்பட்டு தாண்ட வேண்டும். உனக்கு அந்தப் பொறுமை கிடையாது. வேண்டாம், பெட்ரோல் பார்.

இதை அப்படியே எழுதி அவனுக்கு அனுப்பினேன். ராத்திரி பதில் வந்தது: “டாக்டர் இன்னும் இருபதாயிரம் குறைக்கிறார் மாமா.”

போய் முதலில் ஆயில் கேஜைப் பிடுங்கி மோந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஸ்கேனர் போட்டுக் கரி அளவும், கடைசி ரீஜென் எத்தனை கிலோமீட்டருக்கு முன்னால் முடிந்தது என்பதும் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இரண்டும் சரியாக இருந்து, இன்னொரு நாற்பதாயிரம் குறைத்தால் அவன் வாங்க வேண்டாம். என் தம்பிக்கு ஒரு வண்டி வேண்டும். அவன் வேலை பார்ப்பது சிவகாசியில், வீடு மதுரையில்.