மயில் பெகோனியா வாங்கப் போகிறீர்களா? பஞ்சில் ஒட்டிய நீலத்தைப் பாருங்கள்

கீழக்கரையில் எங்கள் வீட்டு உள்ளறையில், பழைய மீன் தொட்டிக்குள் பெகோனியா என்ற அழகு இலைச் செடிகளை வளர்க்கிறேன். போன மாதம் இன்ஸ்டாகிராமில் ஒருவர் 'மயில் பெகோனியா' விற்றார். பெகோனியா பவோனினா, மலேசியக் காட்டுச் செடி, இலை நீலமாக மின்னும். எனக்குப் பல வருட ஆசை. 1,800 ரூபாய் ஜிபே செய்தேன். பில் கேட்டதற்கு, "நம்புங்கக்கா, வேர் பிடிச்ச செடி, ராமநாதபுரம் வெயிலையும் தாங்கும்" என்றார்.

நான்காம் நாள் பார்சல் வந்தது. மூன்று இலையும் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே நீலம். அதுதான் உறுத்தியது. ஈரப் பஞ்சால் துடைத்தேன். பஞ்சு நீலமானது, இலை வெறும் பச்சை. தண்டை லேசாகத் தொட்டதும் கையோடு வந்தது. ஒரு வேர்கூட இல்லை, நறுக்கிய தண்டைத் தேங்காய் நார்க்கழிவில் செருகி அனுப்பியிருக்கிறார். போட்டோ அனுப்பினேன். அன்றிரவே பிளாக் செய்துவிட்டார்.

பவோனினாவின் நீலம் சாயமே இல்லை. இலையின் மேல்தோலில் உள்ள பசுங்கணிகங்களுக்குள் (ஒளிச்சேர்க்கை நடக்கும் நுண்ணிய உறுப்புகள்) படலங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவை நீல ஒளியைத் திருப்பி அனுப்புவதால்தான் அந்த மினுமினுப்பு. அதனால் கோணம் மாறினால் அதே இலை பச்சையாகத் தெரியும். நிழலில் வளர்ந்தால்தான் நீலம் வரும், வெளிச்சம் கூடினால் போய்விடும். எனவே செடியைக் கையில் பிடித்துத் திருப்பிக் காட்டும் வீடியோ கேளுங்கள். அன்றைய தேதியைக் காகிதத்தில் எழுதிப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். வேரையும் காட்டச் சொல்லுங்கள்.

வெயில் தாங்கும் என்பதும் பொய். அது குளிர்ச்சியான மலைக்காட்டுச் செடி. நம் சித்திரை வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் ஜன்னலோரத்தில் நிற்காது. போர்வெல் தண்ணீரும் ஆகாது. என் முதல் ரெக்ஸ் பெகோனியா அதில்தான் ஓரம் கருகிச் செத்தது. இப்போது மழைத் தண்ணீர், இல்லையென்றால் குடிக்க வாங்கும் ஆர்.ஓ. தண்ணீர்தான்.

இணைய மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் செய்து புகார் கொடுத்திருக்கிறேன், பணம் இன்னும் வரவில்லை. நுகர்வோர் உதவிக்கு 1915. பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுக்காமல் விட்டேன், நீங்கள் விடாதீர்கள்.

அதே போட்டோக்களோடு வேறு பெயரில் நேற்று ஒரு பக்கம் வந்திருக்கிறது. மண்டபத்தில் தெரிந்த ஒரு அக்கா அதில் பாதிப் பணம் கட்டிவிட்டார். அவரைப் போல யாராவது இருந்தால், மீதியைக் கட்டாதீர்கள்.