கைக்கடக்கமான நுணுக்குக்காட்டி: இலைவாய் பார்க்க வாங்கலாமா?

மட்டக்களப்பு டவுனில் ஒரு புத்தகக் கடையில் வாங்கினேன், மூவாயிரத்துக்குக் கிட்ட விலை. பெட்டியில் கம்பனிப் பெயர் இல்லை. 60 முதல் 120 மடங்கு என்று மட்டும் இருக்கிறது. ஆரையம்பதியில் ஓ.எல். பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இலைக்குள் காபனீரொட்சைட்டு போகிறது, ஒட்சிசன் வெளியே வருகிறது என்று பலகையில் அம்புக்குறி போட்டால் மட்டும் போதாது. அந்த வாசலான இலைவாயைப் பிள்ளைகள் கண்ணால் காண வேண்டும்.

றியோ இலையில் அது உடனே கிடைக்கிறது. மேலே பச்சை, அடியில் ஊதா. வேலியோரம் எத்தனையோ வீடுகளில் நிற்கிற செடி. இலையைக் கவிழ்த்து லைட்டைப் போட்டதும் ஊதாத் தரையில் பச்சைப் பொட்டுகள் தெரிந்தன. அவைதான் காவற்கலங்கள். சோடியாக நின்று, நீரை உறிஞ்சிப் பருத்தால் வாய் திறக்கும்; நீரை இழந்து தளர்ந்தால் மூடும். ஒரு பிள்ளை கருவியைத் திருப்பித் தரவே இல்லை.

செவ்வரத்தைக்கு கியூட்டெக்ஸ் வேண்டும். நிறமில்லாததை அடிப்பக்கம் மெல்லிசாகப் பூசி, நன்றாகக் காய்ந்தபின் செலோடேப் ஒட்டி உரித்தால் இலைவாய்களின் அச்சு வந்துவிடும். அதை யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். அல்லி இலையென்றால் மேற்பக்கம் பூசுங்கள். அடிப்பக்கம் தண்ணீரில் கிடப்பதால் அதன் இலைவாயெல்லாம் மேலேதான்.

வாவிக்கரையில் நிற்கும் கண்ணா என்ற கண்டல் மரத்தின் இலைக்கு இந்த வழி சரிவரவில்லை, அடியில் அடர்ந்த மயிர். ஆனால் சேற்றிலிருந்து குத்தென்று எழும்பி நிற்கும் அதன் மூச்சுவேரைப் பாருங்கள். பட்டையில் உள்ள காற்றுத் துளைகளான பட்டைவாய்கள் சொரசொரப்பான புள்ளிகளாகத் தெரியும். ஒட்சிசன் இல்லாத சேற்றில் புதைந்த வேருக்குக் காற்று அந்த வழியாகத்தான் போகிறது.

குறை உண்டு. வாய் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று இதில் நிச்சயமாகச் சொல்ல முடியாது. அதற்குப் பள்ளிக்கூட நுணுக்குக்காட்டியின் 400 மடங்குதான் சரி. குவியச் சில்லு தளர்வு, கை கொஞ்சம் அசைந்தாலே படம் ஓடிவிடும். போனில் மாட்டும் கிளிப் எனக்குப் பொருந்தவேயில்லை, அதற்காகக் கூடக் காசு கொடுக்காதீர்கள்.

ஏ.எல். உயிரியல் பிள்ளைக்கு இது காணாது. ஒன்பது, பத்து, பதினொன்று படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டுக்குத் தயங்காமல் வாங்கலாம். கடையிலேயே லைட்டைப் போட்டு, சில்லைத் திருகிப் பார்த்து எடுங்கள்.