அப்பா தவறிய பிறகு நாங்கள் போன இ-சேவை மையம்: ஐந்துக்கு நாலு ஸ்டார்

கும்பகோணம் போகிற ரோட்டில், அரசலாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற சின்ன இ-சேவை மையத்தைப் பற்றி எழுதுகிறேன். ஒரு ஜெராக்ஸ் மிஷின், ரெண்டு கம்ப்யூட்டர், வாசலில் ஒரு மர பெஞ்ச், அவ்வளவுதான் கடை. நடத்துவது ஒரு அக்கா. ஜூன் கடைசியில் எங்கள் அப்பா தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் தவறிப்போனார், 53 வயசு. மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது, குறுவைக்கு நாற்று விட்டாச்சு, நிலமும் கூட்டுறவு சங்கத்துப் பயிர்க்கடனும் எல்லாம் அவர் பெயரில். காடாத்து முடிந்த அன்றைக்கே சித்தப்பா "வாரிசு சான்றுக்கு எழுதிப் போட்ரு தம்பி, தள்ளிப் போடாதே" என்றார்.

எங்கே ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நேராக ஊர் விஏஓவிடம் (கிராம நிர்வாக அலுவலர்) போய் நின்றேன். அவர்தான் சொன்னார், உயிர் எந்த ஊரில் பிரிந்ததோ அங்கேதான் இறப்பைப் பதிய வேண்டும், தஞ்சாவூரில் இறந்தவரை இங்கே பதிய முடியாது என்று. வீட்டில் இறந்திருந்தால் அவரே பதிந்திருப்பார். 21 நாளுக்குள் பதிந்தால் காசு கிடையாது, அதைத் தாண்டினால் தாமதக் கட்டணம், ஒரு வருஷமே தாண்டிவிட்டால் மாஜிஸ்ட்ரேட் உத்தரவு வரைக்கும் போக வேண்டியிருக்கும். ஆஸ்பத்திரியில் இறந்தால் தகவலை அவர்களே அனுப்பிவிடுவார்கள். ஆனால் அந்தப் படிவத்தில் பெயரை யார் சொல்கிறார்கள் என்பதை மட்டும் கூடவே நின்று பாருங்கள். எங்கள் வீட்டில் அந்த நேரத்தில் யாருக்கும் நிதானம் இல்லை. அத்தை மகன் வாயில் வந்தபடி "ராஜு" என்று முடித்துச் சொல்லியிருக்கிறான். ஆதாரிலும் பட்டாவிலும் அப்பா "ராசு".

வாரிசு சான்றுக்கு முதலில் போனது இந்தக் கடைக்கு அல்ல, வேறு ஒரு கடைக்கு. அங்கே யாரும் எதையும் கேட்கவில்லை. "கட்டிக்கொடுத்த பொண்ணு பேரு வேணுமா?" என்று மட்டும் கேட்டார், நான் வேண்டும் என்றேன், அம்மா, நான், தங்கச்சி என்று மூன்று பேரைப் போட்டு அனுப்பிவிட்டார். விசாரணைக்கு வந்தபோது விஏஓ திண்ணையைப் பார்த்தார், அங்கே அப்பாயி உட்கார்ந்திருந்தது. "இவங்க யாரு, உங்க அப்பாவோட அம்மாதானே? இவங்க பேரு எங்கே?" விண்ணப்பம் தள்ளுபடி. பதினாறாம் நாள் காரியத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி இது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

காரியம் முடிந்ததும்தான் இந்த அக்கா கடைக்குப் போனேன். உட்காரச் சொல்லிவிட்டு முதலில் கேட்டதே "அப்பாவோட அம்மா இருக்காங்களா?" என்றுதான். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, பிள்ளைகளோடு அவரைப் பெற்ற தாய்க்கும் சம பங்கு உண்டு, மகள் கல்யாணம் ஆகிப் போயிருந்தாலும் அவளுக்கும் உண்டு. அப்புறம் அப்பாவின் காகிதங்களை எல்லாம் மேஜையில் பரப்பி ஒவ்வொரு பெயராக விரல் வைத்து வாசித்தார். அந்த "ஜு"வைக் கண்டுபிடித்தது அவர்தான். இதைத் திருத்தாமல் வாரிசு சான்று போட்டால் பட்டா மாற்றத்தில் ஒரு தடவை, பேங்கில் ஒரு தடவை என்று திரும்பத் திரும்ப முட்டிக்கொள்ளும், முதலில் தஞ்சாவூரில் திருத்திக்கொண்டு வாங்க என்று திருப்பி அனுப்பினார். அன்றைக்கு அவர் ஒரு பைசா வாங்கவில்லை.

திருத்தி வர மூன்று வாரம் ஆனது. மறுபடி போனபோது அப்பாயியையும் கூட்டிப்போனேன். பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு "என் பேரு எதுக்கு இதுல, போயிட்டவன் சொத்து எனக்கு எதுக்கு" என்று அப்பாயி புலம்பியது. அக்கா எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "பெத்தவங்க பேரு இல்லாம எப்படி அப்பாயி எழுதுறது" என்று சொல்லி, ஆதாரை அதன் மடியிலிருந்து தானே எடுத்துக்கொண்டார். அதற்கப்புறம் அப்பாயி ஒன்றும் பேசவில்லை. அரசுக் கட்டணம் 60 ரூபாய், ஜெராக்ஸுக்குத் தனியாக. விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) விசாரணை முடிந்து தாசில்தார் ஒப்புதலோடு இந்த முறை ஒரே தடவையில் வந்துவிட்டது.

இந்தக் கடைக்கு நான் இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு இன்னொரு காரணம் அப்பாவின் பாஸ்புக். வேறு எதற்கோ புரட்டிக்கொண்டிருந்த அக்கா, மே மாசக் கடைசி வரியில் நிறுத்தி "இந்த 436 என்னன்னு தெரியுமா?" என்றார். எங்களுக்குத் தெரியாது. பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. வருஷம் 436 ரூபாய் தானாகக் கழியும், 55 வயசு வரைக்கும் எந்தக் காரணத்தால் இறந்தாலும் நாமினிக்கு 2 லட்சம். (20 ரூபாய் கழிந்திருந்தால் அது விபத்துக் காப்பீடு, அது தனி.) அப்பா என்றைக்கோ கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டில் சொல்லாமல் இருந்திருக்கிறார். பேங்கில் போய்க் கேட்டால் முதலில் வாரிசு சான்று வேண்டும் என்றார்கள். நாமினி அம்மா பெயரில் இருக்கும்போது எதற்கு என்று அக்கா சொல்லிக்கொடுத்தபடியே கேட்டேன், அப்புறம்தான் படிவம் கொடுத்தார்கள். பணம் அம்மா கணக்கில் வந்துவிட்டது. சங்கத்துக் கடனை அதில்தான் அடைத்தோம்.

அப்பாவின் போன் நம்பரை ரீசார்ஜ் செய்து வைத்திருங்கள், ஓடிபி எல்லாம் அதற்குத்தான் வரும் என்றும் சொன்னார். ஆனால் அவர் ஏடிஎம் கார்டில் பணம் எடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். பிஎம் கிசான் 2,000 ரூபாய் வந்துகொண்டிருந்தால் வேளாண்மை ஆபீஸில் சொல்லி நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். ரேஷன் கார்டில் பெயர் நீக்குவதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றார், அப்படியே செய்தோம்.

ஒரு ஸ்டார் ஏன் குறைத்தேன் என்றால், போன் போட்டால் எடுக்கவே மாட்டார், சர்வர் வேலை செய்யவில்லை என்பது நேரில் போனால்தான் தெரியும். எனக்கு ரெண்டு நாள் வீணாகப் போனது. திங்கட்கிழமை கூட்டம் தாங்காது. வயசானவர்களைக் கூட்டிப்போனால் நிழல்கூடச் சரியாக இல்லை. மத்தியானம் ஒன்றரையிலிருந்து மூன்று வரைக்கும் சாத்தியிருக்கும். புதன், வியாழன் காலையில் போங்கள், இறந்தவரின் பாஸ்புக் எத்தனை இருக்கிறதோ அத்தனையையும் பேங்கில் என்ட்ரி போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.